எட்டாவது துளை

"நான் சுடல. அவ்வளவுதான். வீட்டுக்குப் போங்க."

லாக்கப் கம்பிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு லேலண்ட் ரவுட்டியோ எங்களுக்குக் கொடுத்த முழு வாக்குமூலம் இதுதான். எழுபது வயது. வேட்டைக்குப் போடுகிற ஆரஞ்சுக் கோட்டைக்கூட இன்னும் கழற்றவில்லை. அவருக்காக எங்களை அமர்த்தியது மின்னசோட்டாவில் இருக்கும் அவர் தங்கை, அதுவும் போனில். உள்ளூரில் அவருக்காகப் பேச ஓர் ஈ காக்கை இல்லை.

என் பாஸ் ஹெல்வி கொர்பி இருபத்தாறு வருடம் வேட்டைக் காவல் அதிகாரியாக இருந்த அம்மாள். ஓய்வு பெற்றதும் டயர் கடை மாடியில் ஓர் அறை பிடித்துத் துப்பறியும் ஆபீஸ் போட்டார். நான் வெஸ் ட்ரெவாரோ, அவருடைய உதவியாளன். அதற்கு முன் பதினெட்டு வருடம் ஹார்டுவேர் கடையில் தோட்டா விற்றேன். வாய் அதிகம் என்று அனுப்பிவிட்டார்கள். தோட்டா விஷயம் தெரிந்தவன் என்பதற்காக பாஸ் என்னை வைத்திருக்கிறார். வாயைப் பொறுத்துக்கொள்கிறார்.

நடந்தது இது. நவம்பர் பதினைந்தில் மான் சீசன் திறந்தது. பதினாறாம் தேதி, அதாவது நேற்று, காலை ஏழு மணி சுமாருக்கு ஐனார் நிஸ்கலாவின் சதுப்புக் காட்டிலிருந்து ஒரு வெடிச் சத்தம். நாலைந்து நிமிடம் கழித்து அடுத்தடுத்து மூன்று. மூன்று வெடி என்றால் 'ஆபத்து, ஓடி வாங்க' என்று எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். பக்கத்து வேட்டைக் கேம்ப் ஆட்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது ஐனார், மானுக்காக ஏறி உட்காரும் தன் பரணுக்கு அடியில் ரத்தத்தில் கிடந்தார். தொடையில் நுழைந்த தோட்டா மேல்நோக்கிப் போய் இடுப்பு வழியாக வெளியேறியிருந்தது. அந்தத் தோட்டா கிடைக்கவில்லை. ஐனாருக்கு இன்னும் நினைவு திரும்பவில்லை.

ஷெரீஃபின் கணக்கு சுலபமானது. தோட்டா கீழிருந்து மேலே போயிருக்கிறது, ஆகவே பரண் மேல் இருந்தவரை யாரோ தரையிலிருந்து சுட்டிருக்கிறார்கள். கேட்டது நாலு வெடி. கிடைத்தது, சுட்ட பிறகு துப்பாக்கி வெளியே துப்புகிற பித்தளைக் கூடு நாலு. மூன்று, ஐனாருடைய பழைய தர்ட்டி-தர்ட்டி துப்பாக்கியில் சுட்டவை, உதவிக்குக் கூப்பிட்டது. நாலாவது வேறு ஜாதி. சிக்ஸ்-ஃபைவ் க்ரீட்மூர். அதன் அடியில் சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு பொட்டு. சுட்ட கூட்டில் மறுபடி மருந்து நிரப்பிக்கொள்கிறவர்கள் தங்கள் கூட்டுக்கு அடையாளம் வைப்பது வழக்கம். சிவப்புப் பொட்டு லேலண்டுடையது என்பது மூன்று ஊருக்குத் தெரியும். லேலண்டும் ஐனாரும் பதினோரு வருடமாகப் பேசிக்கொள்வதில்லை என்பது ஐந்து ஊருக்குத் தெரியும்.

இன்று மூன்று மணிக்கு அரசு வக்கீல் கொலை முயற்சி வழக்குப் போடப் போகிறார். அதற்குள் ஐனார் செத்துப்போனால் முயற்சி என்ற வார்த்தையும் போய்விடும்.

அந்தச் சண்டையில் எனக்கும் பங்கு உண்டு. லேலண்டுக்கு அந்தப் புதுத் துப்பாக்கியை விற்ற பாவி நான்தான். ஐனாரின் கேம்ப்பில், அதாவது அவருடைய வேட்டைக் குடிலில், அப்போது ஆறு பேர். ஆறு பேரிடமும் தர்ட்டி-தர்ட்டி. தாத்தா காலத்துத் தோட்டா. மொட்டை மூக்கு, மெதுவான வேகம், நூற்றைம்பது கஜத்துக்கு மேல் கல் விழுகிற மாதிரி விழும். க்ரீட்மூர் நேற்றுப் பிறந்தது. கூர் மூக்கு, காற்றைக் கிழித்துக்கொண்டு முந்நூறு கஜம் நேராகப் போகும். கடையில் இதையெல்லாம் நான் பெருமையாகச் சொல்லித்தான் விற்றேன். நான் சொல்லாமல் விட்டது ஒன்று. ஐனாரின் சதுப்பில் எண்பது கஜத்துக்கு மேல் மரம்தான் தெரியும், மான் தெரியாது. எண்பது கஜத்தில் இரண்டுமே மானை ஒரே மாதிரிதான் கொல்லும். பிரயோஜனமில்லாத சண்டை என்றால் இதுதான்.

அந்தக் கேம்ப்பில் ஒரு பலகை உண்டு. மான் விழுந்தால், அதை வீழ்த்திய கூட்டை அந்தப் பலகையின் துளையில் செருகி வைப்பார்கள். நாற்பது வருடத்துக் கூடுகள். பதினோரு வருடத்துக்கு முன் லேலண்ட் தன் முதல் க்ரீட்மூர் கூட்டோடு வந்தார். அது குட்டை, ஆனால் பருமன். துளைக்குள் போகவில்லை. "இந்தப் பலகையில உன் தோட்டாவுக்கு ஓட்டை இல்லடா" என்றாராம் ஐனார். மற்றவர்கள் சிரித்திருக்கிறார்கள். லேலண்ட் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு வெளியே போனவர்தான். அந்த நாலு பேரில் இருவர் செத்துப்போனார்கள், இருவர் ஃப்ளோரிடா வெயிலுக்கு ஓடிப்போனார்கள். ஐனார் ஆறு பேர் கேம்ப்பில் தனியாக. லேலண்ட் அங்கிருந்து ஒரு மைலில், கரண்டுக் கம்பி போகிற வெட்டவெளியில் தனியாக.

பாஸ் லாக்கப் முன்னால் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நேற்று ஏழு மணிக்கு எங்கே இருந்தீர்கள் என்று கேட்டார். வீட்டில். யார் பார்த்தது? யாருமில்லை, நாயும் கோடையில் செத்துப்போச்சு என்றார் லேலண்ட்.

"நாப்பது வருஷம் தர்ட்டி-தர்ட்டி வச்சு சுட்டவர் ஏன் மாறினீங்க?"

லேலண்ட் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் எழுந்து போய்ச் சுவரில் இருந்த காலண்டரைப் படித்தேன்.

"கண்ணு போச்சும்மா" என்றார் குரலைத் தாழ்த்தி. "துப்பாக்கி முனைல இருக்கிற குறி தெரியல. அந்தப் பழசு, கூட்டை நேரா மேல துப்பும், மேல ஸ்கோப் கண்ணாடி மாட்ட வழியில்ல. ஸ்கோப் இருக்கிற துப்பாக்கிக்கு மாறினேன். கண்ணு தெரியலைன்னு அவங்கிட்ட எப்படிச் சொல்றது? புதுசுதான் ஒசத்தின்னு சொல்லிட்டேன்."

"இந்த வருஷம் மான் விழுந்துச்சா?"

"திறப்பு அன்னிக்கே. காலைல எட்டு மணிக்கு."

"அதோட கூடு எங்க?"

அவர் தரையைப் பார்த்தார். "தொலைஞ்சுபோச்சு."

வீட்டுச் சாவியை மட்டும் கொடுத்தார், மேஜை மேல் இருக்கிறதைக் கலைக்காதே என்று என்னிடம் தனியாகச் சொன்னார்.

லேலண்டின் வீட்டில் ஒரு தட்டு, ஒரு கிளாஸ், ஒரு நாற்காலி. நாயின் தண்ணீர்க் கிண்ணம் இன்னும் கதவோரம் இருந்தது, உள்ளே தண்ணீரோடு. என் வீட்டிலும் இரண்டாவது நாற்காலியின் மேல் துணிதான் கிடக்கிறது.

வேலை மேஜையில் ஐம்பது குழி உள்ள பிளாஸ்டிக் பெட்டி. குழிக்கு ஒரு கூடாக நாற்பத்திரண்டு, ஒவ்வொன்றிலும் சிவப்புப் பொட்டு. எட்டுக் குழி காலி.

"இவர் கூட்டைத் தொலைக்கிற ஆள் இல்ல, பாஸ். குண்டூசி கீழ விழுந்தாலும் மறுநாள் வரைக்கும் தேடுற ஜென்மம்."

பாஸ் சுவரைக் காட்டினார். மான் கொம்புகள், ஒவ்வொன்றின் அடியிலும் வருடம் எழுதிய சீட்டு. கேம்ப்பை விட்டு வந்த பிறகானவை ஏழு. கராஜில் இந்த வருடத்து மான் தொங்கிக்கொண்டிருந்தது. எட்டு.

"குறி பார்க்கச் சுட்டது, தப்பிப்போனது, எல்லாக் கூடும் பத்திரமா திரும்பி வந்திருக்கு. மானைக் கொன்ன கூடு மட்டும் தொலையுதாம்" என்றார் பாஸ். "வண்டியை எடு."

ஐனாரின் இடத்துக்குப் போகும்போது மணி பன்னிரண்டரை. சாலையோரம் கேட், கேட்டுக்கு உள்ளே கேம்ப், சாலைக்கு அந்தப் பக்கம் சதுப்பில் பரண். பதினைந்தாம் தேதி ராத்திரி பெய்த பனி விடியுமுன் நின்றுவிட்டது, அதன் பிறகு பெய்யவில்லை. இரும்பு ஏணியின் அடியில் ரத்தம் கறுத்து உறைந்திருந்தது. ஷெரீஃபின் ஆட்கள் எடுத்த போட்டோக்களின் நகலைப் பாஸ் கையில் வைத்திருந்தார்.

"வெஸ், உன் துப்பாக்கியைக் கொண்டா. அந்த மண் மேட்டுல ஒண்ணு சுடு."

கேள்வி கேட்காமல் சுட்டேன். என் சரித்திரத்தில் இது அபூர்வம். கூடு தெறித்துப் பனியில் விழுந்தது. 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம், சின்னக் கிணறு தோண்டிக்கொண்டு உள்ளே இறங்கிவிட்டது. பாஸ் போட்டோவை நீட்டினார். மூன்று தர்ட்டி-தர்ட்டி கூடுகளும் அதே மாதிரி ஆழத்தில் புதைந்திருந்தன. சிவப்புப் பொட்டு மட்டும் பனியின் மேலேயே படுத்திருந்தது, பக்கத்தில் ரத்தம் தோய்ந்த கைக்குட்டை.

"இது இங்க சுட்டதில்ல, பாஸ். ஆறிப்போய் வந்து விழுந்திருக்கு."

"கைக்குட்டையை எங்கேருந்து எடுப்பே?"

"பாக்கெட்லேருந்து." சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. காயத்தைக் கட்ட ஐனார் பாக்கெட்டில் கைவிட்டிருக்கிறார், கைக்குட்டையோடு கூடும் வந்து விழுந்திருக்கிறது. லேலண்டின் கூடு ஐனாரின் பாக்கெட்டில்.

"சரி, அப்ப சுட்டது யாரு?" என்றேன்.

பரணிலிருந்து ஒரு கயிறு தொங்கிக்கொண்டிருந்தது. அது சாப்பாட்டுப் பையைத் தூக்க என்று ஷெரீஃபின் ஆட்கள் குறிப்பில் எழுதியிருந்தார்கள். பாஸ் அதன் முடிச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆறு பேர் இருந்த காலத்தில் இங்கே கயிறு இருந்ததா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்போதெல்லாம் ஒருவர் ஏறுவார், கீழே நிற்பவர் துப்பாக்கியை எடுத்துக் கொடுப்பார். ஐனாருக்கு எடுத்துக் கொடுத்தது லேலண்ட்.

இப்போது கொடுக்க ஆள் இல்லை. துப்பாக்கியைக் கயிற்றில் கட்டிவிட்டு மேலே ஏறி இழுத்துக்கொள்ள வேண்டும். தனியாக வேட்டைக்குப் போகிற பலர் இப்படித்தான் செய்கிறார்கள், தோட்டாவை இறக்கிவிட்டு. பாஸ் ஏணியில் ஏறி ஐந்தாவது படியில் விரல் வைத்தார். துருவுக்கு நடுவே ஒரு புதுக் கீறல் பளபளத்தது.

"குளிர்ல விரல் மரத்துப்போச்சு, தோட்டாவை இறக்காம கட்டிட்டார். அந்தப் பழசுல சேஃப்டி ஏது? பின்னாடி தோட்டாவை அடிக்கிற ஒரு சுத்தியல்தான், அதுவும் தேஞ்சது. இழுக்கும்போது இந்தப் படி அதைப் பிடிச்சு விட்டிருக்கு. துப்பாக்கி முனை மேல பார்த்துட்டிருக்கு, மேல அவர்."

கீழிருந்து மேலே போன தோட்டா.

"அப்படின்னா நாலு வெடியும் அவரோடதுதான். நாலாவது தர்ட்டி-தர்ட்டி கூடு இங்க இருக்கணுமே, பாஸ். ஏன் கிடைக்கல?"

"நாலு வெடி, நாலு கூடு. கணக்கு சரியா வந்ததும் தேடறத நிறுத்திட்டாங்க." பாஸ் உறைந்த ரத்தத்தைக் காட்டினார். "இறங்கி வந்து, துப்பாக்கியை அவிழ்த்து, உதவிக்குச் சுட லீவரை இழுத்திருப்பார். அப்பதான் உள்ள இருந்த முதல் கூடு வெளிய வந்து காலடியில விழுந்திருக்கும். அது மேலயே உட்கார்ந்துட்டார். இந்த இடத்தை யாரும் கிளற விரும்பல."

நானும் விரும்பவில்லை. ஆனால் கத்தி என்னிடம்தான் இருந்தது. பத்து நிமிடம் செதுக்கினேன். ஒரு சாண் ஆழத்தில், சிவந்த பனிக்கட்டிக்குள், நீளமாக ஒல்லியாக, அடியில் விளிம்போடு ஒரு தர்ட்டி-தர்ட்டி கூடு நின்றுகொண்டிருந்தது. முதல் முறையாக ஒரு தோட்டாவைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. கட்டியோடு பெயர்த்து என் சாப்பாட்டு டப்பாவில் வைத்தேன்.

பிறகு கேம்ப். ஆறு கட்டில், ஐந்தில் மெத்தை சுருட்டிக் கட்டியிருந்தது. ஆறு கொக்கியில் ஆறு கோப்பை, ஐந்தில் தூசி. பாஸ் அடுப்புக்கு மேலே இருந்த பலகையின் முன் போய் நின்றார். நானும் எட்டிப் பார்த்தேன், ஏதோ சொல்லப் போனேன்.

"பேசாதே" என்றார். "ஷெரீஃபைக் கூப்பிடு. லேலண்டையும் அந்தக் கூட்டையும் கொண்டுவரச் சொல்லு."

ஷெரீஃப் போனிலேயே கத்தினார். மூன்று மணி, வக்கீல், உங்கள் வேடிக்கைக்கு நேரமில்லை என்றார். என் டப்பாவில் நாலாவது கூடு இருக்கிறது, நீங்கள் வராவிட்டால் பத்திரிகைக்காரனுக்கு அதை மதியச் சாப்பாடாகக் கொடுப்பேன் என்றேன். இரண்டே காலுக்கு வந்துவிட்டார்.

பனிக்கட்டிக்குள் இருந்த கூட்டை அவர் மூன்று தடவை பார்த்தார். கயிறு, ஐந்தாவது படி, கைக்குட்டை எல்லாவற்றையும் பாஸ் நிதானமாகச் சொல்லி முடித்தார். ஷெரீஃப் முட்டாள் இல்லை, அவசரக்காரர், அவ்வளவுதான். தொப்பியைக் கழற்றிவிட்டு ஒன்று மட்டும் கேட்டார். லேலண்டின் கூடு ஐனாரின் பாக்கெட்டுக்கு எப்படிப் போனது?

லேலண்ட் வாசலைத் தாண்டி உள்ளே வராமல் நின்றுகொண்டிருந்தார். பதினோரு வருடமாக மிதிக்காத வாசல்.

"நீங்களே சொல்லுங்க. இனிமே மறைச்சு என்ன ஆகப்போகுது?" என்றார் பாஸ்.

"மான் விழுந்தா கூடு கேம்ப்புக்கு வந்து சேரணும். அதுதான் பழக்கம். உள்ள விடமாட்டான். அதனால ஒவ்வொரு வருஷமும் சாயங்காலம் வந்து கேட் தூண் மேல வச்சிட்டுப் போயிடுவேன். மறுநாள் போற வழியில பார்ப்பேன், இருக்காது. காக்கா தூக்கிட்டுப் போயிருக்கும், இல்ல அவன் வீசியிருப்பான்னு நெனச்சுக்குவேன். இதைப் போய் ஷெரீஃப்கிட்ட எப்படிச் சொல்றது? பேசாத ஒருத்தன் வாசல்ல வருஷாவருஷம் போய் நிக்கிறேன்னு?"

பாஸ் பலகையை மறைத்துக்கொண்டு நின்றிருந்தவர், நகர்ந்தார்.

வரிசை வரிசையாக ஒல்லியான தர்ட்டி-தர்ட்டி கூடுகள். அவற்றுக்குக் கீழே தனியாக ஒரு வரிசை, குட்டையாக, பருமனாக. ஒவ்வொன்றின் அடியிலும் சிவப்புப் பொட்டு. ஒவ்வொன்றின் கீழும் ஐனாரின் கோணல் எழுத்தில் வருடம். ஏழு கூடுகள். துளைகள் மற்றதைவிட அகலமாக, அளவெடுத்துத் துளைத்திருந்தன.

ஏழுக்கு அப்புறம் எட்டாவது துளை. காலி. அதன் கீழே இந்த வருடம் எழுதியிருந்தது. அடுப்பு மேடையில் கொஞ்சம் மரத்தூள் கிடந்தது.

லேலண்ட் எப்போது உள்ளே வந்தார் என்று நான் கவனிக்கவில்லை. பலகைக்குப் பக்கத்தில் நின்று, சுண்டுவிரலை அந்தத் துளைக்குள் விட்டுப் பார்த்தார்.

"நான் தூண் மேல வச்சது பதினஞ்சு சாயங்காலம்" என்றார் மெதுவாக. "அவன் எடுத்தது மறுநாள் காலைல, பரணுக்குப் போற வழியில, இல்லேன்னா கூடு பாக்கெட்ல இருந்திருக்காது. அப்புறம் கேம்ப்புக்குத் திரும்பி வரவே இல்ல. அப்ப இந்த ஓட்டைய எப்பப் போட்டான்?"

கூடு கைக்கு வருமுன்பே ஐனார் துளையைப் போட்டு வைத்திருக்கிறார். இவருக்கு மான் விழும், இவர் கொண்டுவந்து வைப்பார் என்று.

லேலண்ட் பக்கத்தில் இருந்த கட்டிலில் உட்கார்ந்தார். மெத்தை சுருட்டியிருந்த கட்டில். பழைய இடம் போலிருக்கிறது. ஷெரீஃப் வெளியே போய் வக்கீலுக்குப் போன் செய்தார். திரும்பி வந்தவர் அந்தக் க்ரீட்மூர் கூட்டைப் பையிலிருந்து எடுத்து, லேலண்டின் கையில் வைத்தார். சட்டப்படி அது செய்யக்கூடாத காரியம். பாஸ் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார், நான் அடுப்பைப் பார்த்தேன்.

லேலண்ட் அதைத் துளையில் வைக்கவில்லை. அவன் வச்சாதான் சரி என்றார். எங்கே கொண்டுபோய் விட என்று கேட்டேன். வீட்டுக்கு வேண்டாம் என்றார்.

ஆஸ்பத்திரியில் ஐனார் குழாய்களுக்கு நடுவே சின்னதாகக் கிடந்தார். பார்க்க வந்தவர்கள் கையெழுத்துப் போடும் தாளில் ஒரு பெயரும் இல்லை. உறவா என்று நர்ஸ் கேட்டதற்கு லேலண்ட் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு ஆமாம் என்று எழுதினார். நானும் பாஸும் வாசலில் நின்றுகொண்டோம்.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, கூட்டை ஐனாரின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார்.

"ரெண்டு கஜ தூரத்துலகூட உன்னைக் கொல்ல முடியல. இந்தத் தர்ட்டி-தர்ட்டிய வச்சுக்கிட்டா நாப்பது வருஷம் எங்கிட்ட பீத்திக்கிட்டே?" என்றார். பிறகு முந்நூறு கஜத்தில் அது எத்தனை அங்குலம் இறங்கும், இது எத்தனை அங்குலம் இறங்கும் என்று நிதானமாக விளக்க ஆரம்பித்தார். பதினோரு வருடத்துப் பாக்கி வாதம்.

ரத்த அழுத்தம் பார்க்க வந்த நர்ஸ் சின்னப் பெண், இரக்க குணம். அவருக்கு இப்போது எதுவும் கேட்காது, களைத்துப்போகாதீர்கள் என்றாள்.

லேலண்ட் தலையை ஆட்டினார். மூடிய அந்தக் கையின் மேலிருந்து தன் கையை எடுக்கவில்லை.

"கேக்கலைன்னுதான்மா நானும் பதினோரு வருஷமா நெனச்சிட்டிருந்தேன்."